ஜெயம்மா சொன்ன ராஜா காலம்

கல்லாத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயம்மாவைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மலைக்குப் போகிற சனத்தை நம்ம பக்கம் திருப்பி நாலு குடும்பத்துக்குச் சோறு போட்டவள் என்பார்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமத்தில் கேட்டால், குசுமாவதியின் கடையில் தின்று வளர்ந்து அதே கடையைக் கெடுத்தவள் என்பார்கள். ஜெயம்மாவையே கேட்டால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வெளங்கலங்க" என்பாள். அதை அவள் பணிவுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை.

இரத்தினபுரிப் பக்கமாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்கள் ஆற்றங்கரைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரைக்கும் சனம் வந்துகொண்டே இருக்கும். சிங்களவர்களுக்கு அது புத்தரின் பாதம். நமக்குச் சிவன் பாதம். முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்று பாவாத மலை என்பார்கள். சந்தியிலிருந்து மேலே போக அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, மரப்பாலத்தைத் தாண்டிக் கிராமத்துக்குள் வளைந்து போகும் பாதை. யாத்திரைக்காரர்கள் எல்லோரும் அதில்தான் போனார்கள். மற்றது, தோட்டத்தின் ஆறாம் நம்பர் தேயிலை மலையை நேராகப் பிளந்துகொண்டு ஏறும் கருங்கல் படிகள். நானூறு படிக்குக் குறையாது. கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிற பெண்களைத் தவிர வேறு யாரும் அதில் கால் வைப்பதில்லை. இரண்டும் இரண்டு மைல் மேலே போய் ஒன்றாகிவிடும்.

தொண்ணூற்றிரண்டில் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. அந்த வருடம் கல்லாத்துத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள்தான் வேலை என்று ஆனது. ஜெயம்மாவுக்கு அப்போது முப்பது வயது. கணவன் ஐயாவு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மகள் சுகந்தினி அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். சும்மா இருக்கிற நாட்களில் எங்காவது கைவேலை கிடைக்குமா என்று மரப்பாலத்தைத் தாண்டிப் போனவள், குசுமாவதியின் தேத்தண்ணிக் கடை வாசலில் போய் நின்றாள்.

குசுமாவதி அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கணவன் மாணிக்கக் குழி வேலைக்கு என்று போனால் மாதக் கணக்கில் திரும்பமாட்டான். கடையில் பெலிமல் என்கிற வில்வப்பூத் தண்ணீர், ரொட்டி, வாழைப்பழம், அவ்வளவுதான். "என்ன தெரியும் உனக்கு?" என்று குசுமாவதி சிங்களத்தில் கேட்டாள். "வடை தெரியும் அக்கே" என்றாள் ஜெயம்மாவும் சிங்களத்திலேயே. சீசனின் முதல் பௌர்ணமியான போயா தினத்தன்று சுட்ட பருப்பு வடையைக் களுத்துறையிலிருந்து வந்த ஒரு கூட்டமே வாங்கி முடித்துவிட்டது. இறங்கி வரும்போதும் அவர்கள் வடை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அதன் பிறகு பத்து வருடம், சீசன் வந்தால் ஜெயம்மா குசுமாவதியின் அடுப்படியில்தான் இருந்தாள். சனம் ஒருவருக்கொருவர் "கருணாவய்" என்று வாழ்த்திக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டே மாவு அரைப்பாள். குசுமாவதி அவளைத் தங்கை முறையில் நங்கி என்று கூப்பிட்டாள். சுகந்தினி பெரியவளானபோது லயத்துக்கு வந்து, மற்றவர்களோடு சேர்ந்து பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே சிங்களப் பெண் குசுமாவதிதான். குசுமாவதிக்குக் கர்ப்பப்பை ஒப்பரேஷன் நடந்த வருடம் கடையை முழுக்க ஜெயம்மாதான் பார்த்தாள்.

இனிமேல்தான் சொல்ல வேண்டிய விஷயம் வருகிறது.

இரண்டாயிரத்து இரண்டில் யுத்தம் நின்றிருந்தது. தெற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சனம் முன்னெப்போதும் இல்லாதபடி மலைக்கு வந்தது. அந்த வருடம் ஐப்பசியில் ஒரு ஜீப் வந்து ஆற்றங்கரைச் சந்தியில் நின்றது. பழைய யாத்திரைப் பாதைகளைக் கண்டுபிடித்து, திருத்தி, வெளிநாட்டுக்காரர்களையும் வரவழைக்கிற திட்டமாம். அளவு நாடா, கெமரா, கட்டுக்கட்டாகக் காகிதம். அதற்குப் பொறுப்பாக வந்தவள் திலினி என்கிற சின்ன வயசு மிஸ். தொப்பியும் காற்சட்டையும் போட்டிருந்தாள். தோட்டத்துப் படிகளில் ஏறி வந்தபோது காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுகியதை அவள் கவனிக்கவில்லை. ஜெயம்மாதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்த சுண்ணாம்பைத் தடவி அட்டையை எடுத்துவிட்டாள்.

அந்த மரியாதையிலோ என்னவோ மிஸ் அவளிடமே கேட்டாள். "இந்தப் படி பழசா, அம்மா?"

"ரொம்பப் பழசு மிஸ்."

"எவ்வளவு பழசு? ரஜ காலெத?"

ராஜா காலமா என்று கேட்கிறாள். ஜெயம்மா சற்று யோசித்தாள். அவளுடைய தாத்தா அந்தப் படிகளுக்குக் கல் சுமந்தவர். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அதைச் சொல்லும்போதெல்லாம், "ராசா காலத்துல போட்டது" என்றுதான் சொல்வார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்துச் சுவரில் வெள்ளைக்கார ஜோர்ஜ் ராஜாவின் படம் மாட்டியிருந்த காலம். அந்த ராஜா காலத்தைத்தான் மிஸ் கேட்கிறாளா, வேறு ராஜா காலத்தைக் கேட்கிறாளா என்று அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாளோ என்று கூச்சமாக இருந்தது. பின்னால் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வேறு "என்ன பேச்சு அங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஓவ் மிஸ்" என்றாள் ஜெயம்மா, ஆமாம் என்று.

மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் பாசி பிடித்த படிகளை மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுத்தாள். ஜெயம்மாவைக் கூடையோடு ஒரு படியில் நிற்கவைத்தும் எடுத்தாள்.

அடுத்த வைகாசியில் வந்த வெள்ளத்தை இரத்தினபுரிக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். எத்தனையோ மலைகள் சரிந்த அந்த நாட்களில் ஆற்றங்கரையிலும் மரப்பாலம் போனது. கிராமத்துப் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து விழுந்தது. நம்ம பக்கத்தில் உயிர்ச் சேதம் இல்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. பாலத்தை அரசாங்கம் கட்டித்தரும் என்று குசுமாவதி காத்திருந்தாள். ஆவணியில் ஆட்கள் வந்தார்கள். ஆனால் பாலத்துக்கு வரவில்லை. தோட்டத்துப் படிகளில் புல் செதுக்கவும், இரும்புக் கம்பியில் கைபிடி போடவும் வந்தார்கள். திட்டத்தில் ஒரு பாதைக்குத்தான் காசு ஒதுக்கியிருக்கிறார்கள், அது பழைய பாதையாக இருக்க வேண்டும், படிதான் பழசு என்று எழுதியாகிவிட்டது என்றார்கள். கிராமத்து ஆட்கள் ஆற்றில் நாலு பாக்கு மரத்தைப் போட்டு நடந்துகொண்டார்கள்.

மார்கழியில் சீசன் தொடங்கியபோது படிக்கட்டின் அடியில் ஒரு வளைவும் மூன்று மொழியில் ஒரு பெரிய பலகையும் நின்றன. ஜெயம்மா தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அரசர் கலத்து புனித படி" என்று இருந்தது. காலத்துக்குக் கால் இல்லை. ஆங்கிலத்தைச் சுகந்தினி படித்துச் சொன்னாள்.

"பழைய சிங்கள ராஜாமாருங்க யாத்திரை போறதுக்காகக் கட்டின படின்னு போட்டிருக்கும்மா. அந்தத் தகவல சொன்னது இங்க பரம்பரையா வாழுற ஆளுங்கன்னும் போட்டிருக்கு."

"எந்த ஆளுங்க?"

"நீதாம்மா. ஒன் படமும் இருக்கு, பாரு."

ஜெயம்மா பார்த்தாள். கூடையோடு அவள்தான் நின்றாள். சந்தோஷமா பயமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சனம் முழுக்கப் படிகள் வழியாக வந்தது. படத்தில் இருக்கிறவள் என்பதால் முதல் கடை அவளுக்குத்தான் என்று திட்டக்காரர்கள் சீட்டுக் கொடுத்தார்கள். அவளைப் பார்த்து லயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தகரமும் தறப்பாளும் கட்டிக் கடை போட்டார்கள். சோளம் அவித்தார்கள், தொப்பி விற்றார்கள், முடியாதவர்களின் பையைச் சுமந்தார்கள். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்குக் கிடைக்கிற கூலியை ஒரு காலையிலேயே பார்த்தார்கள். ஐயாவு கவ்வாத்துக் கத்தியைக் கூரையில் செருகிவிட்டுப் பை சுமக்கப் போனான். போயா வாரத்தில் பிரட்டுக்கு ஆளே வரவில்லை என்று தோட்டத்துத் தொரை, வேலையாட்களின் பதிவான செக்ரோலில் பலருடைய பேரை வெட்டினார். அதில் ஐயாவு பேரும் போனது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுகந்தினிக்கு இரத்தினபுரியில் டியூஷன் போகக் காசு கிடைத்தது. ஆனால் சீசனில் கடையில் உட்கார ஆள் வேண்டுமென்பதால் டியூஷனுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. திட்டக்காரர்கள் லயத்துக்கு வெள்ளை அடித்தார்கள். பாதையைப் பார்த்த பக்கம் மட்டும். பின் சுவர் பழையபடி கரும்பாசியோடு இருந்தது. யாத்திரைக்காரர்களுக்கு ஆறு கக்கூஸ் கட்டினார்கள். இருபது குடும்பத்துக்கு மூன்று கக்கூஸ் இருந்த லயத்துப் பெண்கள், பிறகு நமக்கு ஆகும் என்று அதைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். சீசன் முடிந்ததும் அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சந்திக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதெல்லாம் நல்லதா கெட்டதா என்று ஜெயம்மா சில நேரம் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். பாதியில் குழம்பி விட்டுவிடுவாள்.

குசுமாவதியைப் பார்க்க அவள் போகவில்லை. முதலில் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம் போக முகமில்லாமல் போனது.

தை மாதம் ஜமால்தீன் வந்தார். இரத்தினபுரி டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் பெரியவர். குடும்பத்தோடு வருடம் தவறாமல் பாவாத மலைக்கு வருவார். குசுமாவதியின் கடையில் சுட்ட நாளிலிருந்தே ஜெயம்மாவின் வடைக்கு அவர் வாடிக்கை. அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள். தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ராஜா காலத்துப் படின்னு யாரு சென்ன?"

ஜெயம்மா வடையைப் புரட்டினாள். "ஏன் கேக்கிறீங்க நானா?"

"இல்ல, எங்கட வாப்பா என்னையத் தோள்ல வச்சிக்கொண்டு வந்த நாள் ஞாபகம் ஈக்கிது. அப்பயும் கிராமத்துப் பாதையாலதான் போன. இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தொர துவக்கோட நிப்பானாம், கொழுந்த மிதிச்சிப்போடுவாங்கன்னு. வாப்பாதான் சென்னாரு. ராஜா காலத்துப் படின்னா அவருக்குத் தெரியாமப் போகுமா?"

அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. கேட்டுவிட்டு மலையேறப் போய்விட்டார். ஜெயம்மாவின் சட்டியிலிருந்த வடை கருகியது.

அன்றே ஐயாவுவிடம் சொன்னாள். "ஏங்க, நான் சொன்னது ஜோர்ஜ் ராசா காலத்த. அவங்க வேற ராசான்னு எழுதிப்புட்டாங்க."

"எழுதுனா எழுதட்டும். அதுக்கு இப்ப என்ன?"

"பொய்தானேங்க அது?"

"நீ பொய்யா சொன்ன? தாத்தா சொன்னதத்தான் சொன்ன. சும்மா கெட. வாயத் தொறந்து எல்லாரு வயித்துலயும் மண்ணப் போட்டுறாத."

அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. அதுதான் அவளுக்குக் கஷ்டம். யார் பேசினாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டுவிடும்.

மாசிப் போயாவன்று காலை கூட்டத்தோடு கூட்டமாகக் குசுமாவதி படியேறி வந்தாள். வெள்ளைச் சாரி உடுத்தி, கையில் பூத்தட்டு வைத்திருந்தாள். ஜெயம்மாவின் கடைக்கு முன்னால் போட்டிருந்த வாங்கில் மற்ற யாத்திரைக்காரர்களைப் போல உட்கார்ந்தாள். "ஒரு தேத்தண்ணி, இரண்டு வடை" என்றாள்.

ஜெயம்மா தேத்தண்ணியை ஆற்றினாள். கொடுத்தாள். குசுமாவதி மெதுவாகத் தின்றாள். வடையில் உப்புக் கொஞ்சம் கூடியிருந்ததை ஜெயம்மா அறிவாள். குசுமாவதி இரண்டையும் தின்று முடித்தாள். எழுந்து காசை வாங்கில் வைத்தாள்.

"அக்கே, காசு வேணாம்."

"ஏன், கடைதானே இது?" என்றாள் குசுமாவதி. பிறகு "கருணாவய்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். யாத்திரைப் பாதையில் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிற வாழ்த்து. தெரிந்தவர்களுக்கும் சொல்வதுண்டு. அவள் எதற்காகச் சொன்னாள் என்று ஜெயம்மா இரண்டு நாள் யோசித்தாள். கோபமென்றால் திட்டியிருக்கலாம். பாசமென்றால் நங்கி என்று கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல் இது என்ன?

மூன்றாம் நாள் நல்ல சாரியாக ஒன்றை உடுத்திக்கொண்டு பஸ் ஏறி, இரத்தினபுரியில் இருந்த திட்டத்து ஒப்பீஸுக்குப் போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. திலினி மிஸ் வேறெங்கோ மாற்றலாகிப் போயிருந்தாள். அவளுடைய மேசையில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். ஜெயம்மா நின்றுகொண்டே முழுவதையும் சொன்னாள்: தாத்தா, கல், பிரட்டுக் களத்துப் படம், ஜோர்ஜ் ராஜா. அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"அம்மா, இப்ப நான் என்ன செய்யணும்? பலகையைக் கழற்றணுமா?"

"தெரியலிங்க ஐயா."

"கழற்றினால் பாதையை மூடச் சொல்வார்கள். உங்கள் கடையும் போகும். மற்றவர்கள் கடையும் போகும். அதுதான் வேணுமா?"

"இல்லிங்க."

"அப்ப கிராமத்துப் பாதைதான் பழைய பாதை என்று எழுதித் தருவீர்களா?"

"அதுவும் எனக்குத் தெரியாதுங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜோர்ஜ் ராஜா காலமும் பழைய காலம்தானே, அம்மா" என்றார். ஒரு குவளை தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் வெளியே வந்தாள். எதற்காக வந்தோம், வந்த காரியம் முடிந்ததா இல்லையா என்று பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவளுக்குத் தெரியவில்லை.

சந்தியில் இறங்கியவள் தோட்டத்துப் பக்கம் திரும்பாமல் பாக்கு மரப் பாலத்தில் தட்டுத்தடுமாறி நடந்து குசுமாவதியின் கடைக்குப் போனாள். வாசலில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிகள் காலி. குசுமாவதி பின்பக்கம் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கே, அந்தப் படி ராஜா காலம்னு சொன்னது நான்தான்."

"தெரியும். பலகையில் உன் படம் இருக்கே."

"அது வேற ராஜா. வெள்ளைக்கார ராஜா. எங்க தாத்தா போட்ட படி அது."

குசுமாவதி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"நங்கி, அந்தப் பெண் உன்னிடம் மட்டுமா கேட்டாள்? உன்னிடம் வருவதற்கு முதல் நாள் என்னிடம் வந்தாள். இந்தப் பாதை ரஜ காலமா என்று கேட்டாள். ஆமாம் என்று நானும்தான் சொன்னேன். எங்கள் அப்பாவும் ஊர் ஆட்களும் மண்வெட்டியால் வெட்டின பாதை இது."

ஜெயம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப முந்தி சனம் எப்படிப் போச்சு?"

"ஆறாம் நம்பர் மலையில் தேயிலை போடும் முன்னால் அது காடு. அந்தக் காட்டுக்குள்ளே ஒரு பாதை இருந்ததாம். துரை வந்து அடைத்துவிட்டான். அதனால்தான் எங்கள் ஆட்கள் சுற்றி வெட்டினார்கள்."

"அந்தக் காட்டுப் பாதை எந்த இடத்துல?"

"யாருக்குத் தெரியும்? உங்கள் படி இருக்கும் இடமாகவும் இருக்கலாம். பக்கத்து ஓடையாகவும் இருக்கலாம்."

அப்படியென்றால் ஜெயம்மா சொன்னது தவறிப்போய் உண்மையாகவும் இருக்கலாம். "ரெண்டு பேரும் ஒண்ணுதானே சொன்னோம், எங்க படிய ஏன் அக்கே எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"உங்கள் படியில் பாசி இருந்தது. படத்துக்கு நன்றாக இருந்திருக்கும்" என்றாள் குசுமாவதி.

"என்மேல கோவமா?"

"கோபம்தான். ஆனால் கடை போனதாலா, நீ இத்தனை நாள் வராததாலா என்று எனக்கே தெரியவில்லை. இந்த மிளகை அள்ளு, மழை வருகிறது."

இரண்டு பேரும் மிளகை அள்ளினார்கள். அந்த வருடத்து மிச்சச் சீசனில் குசுமாவதி படிக்கட்டுக் கடைக்கு வரவில்லை. ஜெயம்மா கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் தானம் கொடுப்பதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடி யுத்தம் மூண்டது. சனம் குறைந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நின்றேவிட்டார்கள். படிக்கட்டின் அடியில், பலகைக்குப் பக்கத்திலேயே பொலிஸ் சோதனைச் சாவடி வந்தது. கடை போடுகிறவர்கள் ஐடென்டிட்டி கார்டோடு பதிய வேண்டும் என்றார்கள். ஜெயம்மாவுக்கு ஐடென்டிட்டி கார்டு இல்லை. பிறப்புப் பத்திரமே இல்லை. அப்பா வழியில் யாருக்கோ இந்தியாப் பதிவு, அம்மா வழியில் யாருக்கோ இலங்கைப் பதிவு. புதுச் சட்டத்தில் எல்லோருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தாகிவிட்டது என்று தொழிற்சங்கத்துத் தலைவர் சொன்னார். ஆனால் கார்டு கைக்கு வரவில்லை.

"எந்த ஊர்?" என்று புதிதாக வந்த பொலிஸ்காரர் கேட்டார்.

"இந்தத் தோட்டந்தாங்க ஐயா."

"இதற்கு முன்னால்?"

"முன்னாலயும் இதுதாங்க."

பக்கத்தில் பலகையில் அவளுடைய படம் இருந்தது. பரம்பரையாக இங்கே வாழ்கிறவள் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அவள் அதைக் காட்டினாள். பொலிஸ்காரர் படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "படம் கார்டு ஆகாது" என்றார். கடையை மூடச் சொல்லிவிட்டார். ஒரு ஒப்பீஸ் ஆள் வந்து பரம்பரை என்கிறார், இன்னொரு ஒப்பீஸ் ஆள் வந்து யாரென்று கேட்கிறார். இரண்டில் எதை நம்புவது என்று அவள் லயத்து வாசலில் உட்கார்ந்து யோசித்தாள். ஐயாவு பேர் செக்ரோலில் இல்லை, சுமக்கப் பையும் இல்லை. கிராமத்துச் சின்னத் தேயிலைக் காணிகளில் கைக்காசுக்குப் புல்வெட்டிக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் குசுமாவதி சாவடிக்கு வந்தாள். தன்னுடைய கார்டை மேசையில் வைத்தாள். "கடை என் பேரில். வடை சுடுகிறவள் ஜெயம்மா. அபே கெனெக்" என்றாள். நம்ம ஆள் என்று பொருள். பொலிஸ்காரர் கிராம சேவகரைக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

இப்படித்தான் படிக்கட்டில் முதல் கடை குசுமாவதியின் பேருக்குப் போனது. கிராமத்தில் சிலர், தமிழச்சியின் இடத்தைக் கெட்டித்தனமாகப் பிடித்துவிட்டாள் என்று அவளைப் பாராட்டினார்கள். லயத்தில் சிலர், கடையை விட்டுக்கொடுத்துவிட்டாயே என்று ஜெயம்மாவை ஏசினார்கள். குசுமாவதி தனக்கு உதவி செய்தாளா, தன் கடையைத் திரும்ப எடுத்துக்கொண்டாளா என்று ஜெயம்மாவும் சில நாள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். நேரில் கேட்கவில்லை. வருமானத்தை இருவரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஜெயம்மாவுக்குக் கார்டு வந்த பிறகும் பேரை மாற்றவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் வெசாக் முடிந்து, சீசன் முடிந்து, பத்து நாளில் யுத்தமும் முடிந்தது என்றார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். ஜெயம்மாவுக்கும் ஒரு வாழையிலையில் வந்தது. லயத்தில் யாரும் அன்று வெளியே தலை காட்டவில்லை. அவள் பாற்சோற்றைச் சாப்பிடலாமா கூடாதா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் தோன்றாமல், லயத்துப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டாள்.

அந்த மார்கழியில் சாவடியை எடுத்துவிட்டார்கள். சனம் மலைபோல் வந்தது. சுகந்தினி அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. பள்ளிக்கூட லீவில் கடைக்கு உதவிக்கு வந்திருந்தாள். முதல் போயா தினத்தில் பத்து மணிக்கெல்லாம் மாவு தீர்ந்துவிட்டது. குசுமாவதி கத்தினாள், போதுமான பருப்பு ஊறப்போடவில்லை என்று. ஜெயம்மா திருப்பிக் கத்தினாள், நேற்றுச் சந்தைக்குப் போனது யார் என்று. சுகந்தினி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, வரிசையில் நின்றவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். ஐயாவு பருப்பு வாங்கச் சந்திக்கு ஓடினான். அவன் வரும்வரை, ஊறிய மிச்சப் பருப்பைக் கல்லில் போட்டு ஜெயம்மா அரைக்கத் தொடங்கினாள்.